தூங்கினாயா என்று கேட்டவர்

வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் நாம் "சாப்டாச்சா?" என்று கேட்போம். அந்தக் காலத்துச் சிராங்கூன் ரோட்டில், தேக்காச் சந்தையில் கிளம்பி எங்கள் செங்கல் சூளைக்குப் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேராவது கேட்டுவிடுவார்கள். கேட்டவர் சோறு போடப்போவதில்லை. சாப்பிட்டேன் என்று சொன்னவர் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. புல்வண்டிக்காரர் ஒருவர்தான் அதைக் கேட்கமாட்டார். "நேத்து தூங்குனியா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போய்விடவும் மாட்டார். புல்வண்டியை நிறுத்தி, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் மாட்டு வண்டிக்காரன் கத்துவான், டிராம்காரன் மணி அடிப்பான். அவருக்குக் காது கேட்காது.

எனக்கு இது பெரிய எரிச்சல். மனிதன் வேலைக்குப் போகிற அவசரத்தில் நிறுத்தி வைத்து, தூங்கினாயா, எத்தனை மணிக்குப் படுத்தாய், நடுவில் விழித்தாயா என்று விசாரித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நாங்கள் அவருக்குத் தூக்க இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தோம். முனிசிபல் இன்ஸ்பெக்டர் வந்து சாக்கடையைப் பார்ப்பதுபோல இவர் வந்து நம் கண்ணைப் பார்க்கிறார் என்று சொல்லிச் சிரிப்போம். அவர் காதில் விழுந்தபோதும் கோபப்பட்டதில்லை.

எங்கள் வண்டிக்காரன் ஒருவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணைக் கப்பலில் அழைத்து வந்து, சவுத் பிரிட்ஜ் ரோட்டு அம்மன் கோயிலில் தாலி கட்டினான். மறுநாள் காலையில் பந்தலைப் பிரிக்கப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். மாப்பிள்ளை முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறான். அந்த நேரம் பார்த்து இவர் வண்டியை நிறுத்தி, எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்.

"என்னப்பா, நேத்து தூங்குனியா?"

பந்தல் அதிர்ந்தது. மாப்பிள்ளை உள்ளே ஓடிவிட்டான். ஒருவன் சிரித்துச் சிரித்து மூங்கிலைக் காலில் போட்டுக்கொண்டான். இவர் ஒன்றும் புரியாமல் எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? பாவம், நாலு நாளா கல்யாண வேலையில அலைஞ்சிருக்கான். கண்ணு உள்ள போயிருக்கு பாரு."

அப்படி ஒரு ஆள். ரிக்‌ஷா இழுக்கும் சீனர்களையும் விடமாட்டார். தனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில், கன்னத்தில் கையை வைத்துச் சாய்த்துக் காட்டிக் கேட்பார். முதலில் அவர்கள் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். பிறகு தூரத்தில் பார்த்தாலே அவர்களும் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினார்கள்.

ஆள் குள்ளம், பருத்த கழுத்து. இடது புருவம் கிடையாது. சூளை வாயில் அந்தக் கண்ணை வைத்தே பதினோரு வருஷம் நெருப்பைப் பார்த்ததில் பொசுங்கிப் போய், பிறகு முளைக்கவே இல்லை. ஆமாம், புல்வண்டிக்கு முன்னால் அவர்தான் எங்கள் சூளைக்கு மண்டோர். எங்களுக்கெல்லாம் மேலாள். நான் அவருக்குக் கீழே இரண்டாவது ஆள். அவரைவிட ஆறு வயது சின்னவன்.

சூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சைக் கல்லை அடுக்கி நெருப்பு வைத்தால் வெந்து முடிய எட்டு நாள், பத்து நாள் ஆகும். உப்பங்கழியில் வெட்டித் தோணியில் வரும் பாக்காவ் விறகுக் கட்டையை இரவு பகலாக வாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்ல வேண்டும். மேலே ஏறி, சூளையின் தலை எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அசந்தால் ஒரு பக்கம் பச்சையாக நிற்கும், இன்னொரு பக்கம் கருகி ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நெருப்பு வைத்த மண்டோர் சூளை வாயை மூடும்வரை படுக்கக் கூடாது. உட்கார்ந்தபடி கண் அயர்ந்துகொள்ளலாம், அதுவும் யாரும் பார்க்காதபோது. வாயைச் சேறு பூசி மூடும் நாளில் சேவல் அறுப்போம். முதலாளி வந்து மண்டோரின் கண்ணைப் பார்ப்பார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தால் மாலை போடுவார். சிவப்பு குறைவாக இருந்தால் மாலை உண்டு, ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்காது. "கண்ணு செவக்காதவன் என்ன மண்டோரு?" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. நாங்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம். பக்கத்துச் சூளைக்காரர்களிடம், எங்கள் மண்டோர் ஒன்பது நாள் கண் மூடவில்லை என்று நாங்கள்தான் பீற்றிக்கொள்வோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஒரு மனிதனை நாங்கள் எல்லாரும் சேர்ந்து கெடுத்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கும் அது பெருமைதான். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கீழ்க்கட்டு முடிந்து, மாடிக்குப் படிக்கட்டும் கட்டியாகிவிட்டது. மாடியை முடிக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் பிறந்து எட்டு வயதாகியும் முகம் பார்த்ததில்லை. "இன்னும் ரெண்டு சூளை, அப்புறம் போயிரலாம்" என்பார். அந்த இரண்டு சூளை முடிந்ததும் அதையே திரும்பச் சொல்வார். இதில் ஒருவரும் தவறு காணவில்லை. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு சூளை மூடி, அவருக்கு மாலை போட்ட மூன்றாம் நாள். உச்சி வெயில். நான் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறேன். மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குளம்போல ஆகியிருந்தது. மண்டோர் அதன் விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோன மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

"என்ன மண்டோர், சாப்டாச்சா?"

திரும்பிப் பார்த்தார். சிரிக்கவும் செய்தார்.

"சாப்டாச்சுப்பா."

நான் போய்ச் சாப்பிட்டேன்.

அன்று மத்தியானத்துக்கு மேல் அவர் சூளைக்கு வரவில்லை. மரைக்காயர் கடையில் படுத்துக் கிடக்கிறார் என்று சேதி வந்தது. மரைக்காயர் காரைக்கால் பக்கத்துக்காரர். சிராங்கூன் ரோட்டில் அரிசி, சுருட்டு, கோப்பி என்று எல்லாம் வைத்திருந்தார். பட்டப்பகலில் கடையைப் பலகை போட்டு மூடிவிட்டு, உள்ளே மண்டோரை வைத்திருக்கிறார் என்றார்கள். கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்து கிடக்கிறார் என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஒருவன், காத்து கருப்பு அடித்திருக்கும், கயிறு மந்திரித்துக் கட்டலாம் என்றான்.

நாலாம் நாள் வந்தார். முதலாளியிடம், இனி நெருப்புப் பார்க்கமாட்டேன், புல்வண்டி ஓட்டப்போகிறேன் என்றார். மண்டோர் வேலையை விட்டுவிட்டு ஒருவன் குதிரை லாயங்களுக்குப் புல் சுமப்பானா? நாங்களும் கேவலமாகத்தான் பேசினோம். நானும் பேசினேன். அவருடைய வேலை எனக்குக் கிடைத்தது என்பதால் கொஞ்சம் கூடவே பேசினேன்.

ஊருக்கும் எழுதிப் போட்டார். மாடி வேண்டாம், இருக்கிற வீட்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நீயும் பிள்ளையும் கப்பலேறி வாருங்கள் என்று. ஏழெட்டு மாதத்தில் அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். எருமைக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு அத்தாப்புக் குடிசை. ஊரில் காரை வீட்டை விட்டு இங்கே ஓலைக் கூரையின் கீழே வந்து உட்கார்ந்த பெண்ணை நான் பாவம் என்று நினைத்தேன். ஒருநாள் அவரிடமே கேட்டும்விட்டேன்.

"ஏண்ணே, ஊர்ல அந்தப் படிக்கட்டு என்னாச்சு?"

"அப்படியேதான் இருக்கு. ஏறிப் போனா மேல ஒண்ணும் இல்ல. நல்லா காத்து வரும்னு தம்பி எழுதியிருக்கான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் வண்டிக்கு அடியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். ஆம்பளை பட்டப்பகலில் இப்படித் தூங்கினால் குடும்பம் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாள் ஒரே பதில்தான் சொன்னாராம். "அவரு கொறட்டைச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க."

அதற்காக அவர் முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். வருஷத்தில் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று நாலு நாள் வண்டி வராது. குடிசையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்த அம்மாள் மகளை மரைக்காயர் கடைக்கு அனுப்புவார். மரைக்காயர் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஒரு காலையில் வண்டி வரும். "தூங்குனியா?" என்ற குரலும் வரும். நாங்களும் பழையபடி கேலி பண்ணுவோம்.

நான் தனி மண்டோராக ஆறு வருஷம் இருந்தேன். அவரைவிட ஒரு நாளாவது கூட விழித்திருக்க வேண்டும் என்பது எனக்கு வைராக்கியம். என் கண் எந்த மண்டோர் கண்ணையும்விடச் சிவந்திருந்தது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். எனக்கும் ஊரில் மனைவி இருந்தாள். எனக்கும் இரண்டு சூளை பாக்கி இருந்தது. அந்தச் சமயத்தில் பட்டணத்தில் எங்கே பார்த்தாலும் கட்டடம். கல் போதவில்லை. ஒரு சூளை ஆறுவதற்குள் அடுத்ததற்கு நெருப்பு வைத்தோம்.

அவர் தினமும் காலையில் எங்கள் வண்டி மாடுகளுக்குப் புல் கொண்டுவந்து போடுவார். போடும்போதே கேட்பார். நானும் தினமும், "உங்களுக்கும் சேத்துத் தூங்குனேண்ணே" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆறு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். வேறொருவனாக இருந்தால் கேட்பதை விட்டிருப்பான்.

ஆறாம் வருஷம், அப்படி இடைவிடாமல் வைத்த மூன்றாவது சூளையில் ஏழாம் நாள். அதற்கு முன்பே சில வாரமாகச் சோறு மண்போல இருந்தது. படுக்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் சூளை வாய் தெரிந்தது. மனைவியிடமிருந்து வந்த கடுதாசி இரண்டை உடைக்காமலே வைத்திருந்தேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. எதுவுமே எனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி இருந்தது. அன்று காலையில் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் சூளைமேல் ஏறினேன். பார்த்தாகிவிட்டது, இறங்க வேண்டியதுதான். இறங்காமல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் என்ன என்று தோன்றியது. பயமே இல்லாமல் தோன்றியது. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

கீழே வண்டிச் சத்தம்.

"என்னப்பா, நேத்து தூங்குனியா?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கீழே அவர் புல்கட்டைத் தோளில் வைத்தபடி, ஒரு புருவம் இல்லாத முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு, எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நின்றார்.

"இல்லண்ணே."

புல்கட்டைக் கீழே போட்டார்.

"எறங்கி வா."

"சூளை வேகுதுண்ணே."

"அது வேகட்டும். நீ எறங்கி வா."

இறங்கினேன். நெருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையாளிடம் அவரே சொன்னார். அவன், நான் எப்படித் தனியாகப் பார்ப்பேன் என்று முழித்தான். "உனக்குத் தெரிஞ்ச மாதிரி பாரு" என்று சொல்லிவிட்டு என்னை வண்டியில் ஏற்றினார். மீதிப் புல்லின்மேல் படுத்தேன். அவர் வீடு போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் வெயில் ஏறியபிறகு விழித்தேன். தலைமாட்டில் மரைக்காயர் உட்கார்ந்து தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை.

அன்றுதான் அவர் தன் கதையைச் சொன்னார். பள்ளத்தின் ஓரத்தில் நின்ற அன்று, கடைசியாக ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டு வரலாம் என்றுதான் மரைக்காயர் கடைக்குப் போனாராம். சுருட்டை எடுத்துக் கொடுத்த மரைக்காயர் கையை விடாமல், "என்ன மண்டோரே, நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

"நான் அன்னைக்கு உங்ககிட்ட சாப்டாச்சான்னு கேட்டேனே அண்ணே" என்றேன்.

"நீ ஒண்ணும் தப்பாக் கேக்கலப்பா. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வாய் பழகிக் கெடக்கு. மூணு நாளா பட்டினி கெடந்தவனும் சாப்டாச்சுன்னுதான் சொல்வான். மரைக்காரு கேட்டதுக்கு எங்கிட்ட பதில் தயாரா இல்ல."

மரைக்காயர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "நான் என்னத்தைக் கண்டேன் லா. அவரு கண்ணு அப்படிச் செவந்து கெடந்துச்சு, கேட்டேன்."

ஊரே மாலை போட்ட கண். அந்த ஒரு மனிதருக்குத்தான் அது சீக்கு என்று பட்டது.

மூன்று நாள் கழித்துச் சூளைக்குப் போனேன். நான் இல்லாவிட்டால் சூளை இடிந்து விழுந்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன். ஆறிப் பிரித்தபோது ஒரு பக்கம் கொஞ்சம் கருகி ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் நன்றாகவே வெந்திருந்தது. முதலாளி கொஞ்சம் கத்தினார். கருகிய கல்லைச் சாக்கடை கட்ட எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அடுத்த கப்பலிலேயே ஊருக்குப் போய் மனைவியை அழைத்து வந்தேன். வந்ததும் முதலாளியிடம், இனி ஒரு சூளைக்கு இரண்டு மண்டோர், முறை வைத்து நெருப்புப் பார்ப்போம், இல்லாவிட்டால் நானும் புல் வெட்டப் போகிறேன் என்றேன்.

"இது என்ன டிராம் வண்டியா, ஆள் மாத்தி ஆள் ஓட்ட?" என்று முனகினார். ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் சூளை மூடியபோது இரண்டு மாலை வாங்கி வந்தார். எங்கள் இரண்டு பேர் கண்ணும் வெள்ளையாக இருந்தது. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு புல்வண்டி அண்ணன் கேட்கும்போது நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். தூங்கினால் தூங்கினேன் என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். இல்லை என்று சொன்ன நாட்களில் சாயங்காலம் அவர் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அவர் காய்ச்சலில் போனார். ஐந்தே நாள். தூக்கத்தில் போனார் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. கஷ்டப்பட்டுத்தான் போனார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் நான் அந்தக் குடிசைக்குப் போனேன். சூளைக்காரர்கள், மாட்டுக் கொட்டகைக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேங்க."

"ஏதாவது சாப்டியா?"

"சாப்டேங்க, உக்காருங்க."

என் முறை வந்தது. எனக்கும் வாயில் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அண்ணி, தூங்குனீங்களா?"

என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லித் தோளைத் தொட்டார்கள். நான் நகரவில்லை.

"இல்ல தம்பி" என்றார். "அந்தக் கொறட்டைச் சத்தம் இல்லாம..."

அப்படியே தூணோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அன்று புதுச் சூளைக்கு நெருப்பு வைக்கும் நாள். நான் போகவில்லை.